மாசானம் பெஞ்சு

செவந்தாங்குறிச்சி நகராட்சிப் பூங்காவில் செத்துப்போனவர்கள் வந்து உட்கார ஆரம்பித்தது ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு. அதற்கு முந்தி அங்கே உயிரோடு இருக்கிறவர்களே உட்கார்ந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உட்கார அங்கே ஒன்றும் கிடையாது. வேலிக்கருவைப் புதர், சங்கிலி அறுந்த ஊஞ்சல், எந்தக் காலத்திலோ தண்ணீர் பீய்ச்சிய ஒரு தாமரைத் தொட்டி, தொட்டிக்குள் குவார்ட்டர் பாட்டில், பாட்டிலுக்குள் மழைத்தண்ணீர், மழைத்தண்ணீருக்குள் கொசுப்புழு, இவ்வளவுதான் பூங்கா. இதைப் பெருக்கிப் பராமரிக்க நகராட்சி ஒரு ஆளைப் போட்டிருந்தது. அவள் பெயர் பேச்சித்தாய்.

பேச்சித்தாய்க்கு அப்போது நாற்பத்திநாலு வயசு. பிள்ளைகுட்டி இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, யாரும் சொல்லாமல் பதினோரு புங்க மரங்களை அங்கே ஆளாக்கியிருந்தாள். கழுத்தில் தாலி கிடந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது, ஆனால் புருஷன் இருந்தானா இல்லையா என்பதுதான் அவளுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. மாசானம் என்ற அந்த மனுஷன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நாக்பூர்ப் பக்கம் முறுக்குக் கம்பெனியில் வேலை என்று ஒரு ரெக்சின் பையோடு பஸ் ஏறினான். பக்கத்து வீட்டு ஃபோனுக்கு இரண்டு தடவை பேசினான். மூன்றாம் தடவை பேசவில்லை. கூடப் போனவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்து வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்தான் என்றான் ஒருத்தன், அதெல்லாம் இல்லை, வேறு ஊரில் வேறு கம்பெனியில் ஜம்மென்று இருக்கிறான் என்றான் இன்னொருத்தன். பேச்சித்தாய் இரண்டையும் நம்பினாள். ஒருநாள் அவனைச் சாகவிட்டு அழுவாள், மறுநாள் பிழைக்கவைத்து ஏசுவாள். அழுகிற நாளில் கோபம் வராது, ஏசுகிற நாளில் அழுகை வராது, அப்படியே பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

பூங்காவுக்கு விடிவுகாலம் வந்தது இரும்புக்கடை ஜமால் முகைதீனுக்குச் சர்க்கரை வந்ததால். டாக்டர் அவரைத் தினம் முக்கால் மணிநேரம் நடக்கச் சொன்னார்; ஊரில் நடக்க இடமில்லை, ரோட்டில் நடந்தால் மணல் லாரி ஏற்றிவிட்டுப் போய்விடும். பாய் நகராட்சிக்கு ஏழு தடவை மனுக் கொடுத்தார். ஏழு தடவையும் நிதி இல்லை என்று பதில் வந்தது. எட்டாவது தடவை போகவில்லை. பள்ளிவாசல் முன்னால் நின்று நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "அவங்ககிட்ட காசு இல்லை, சரி. நம்மகிட்ட மௌத்தானவங்க இருக்காங்கல்ல? வீட்டுக்கு ஒரு படம் மாலை போட்டு மாட்டியிருக்கில்ல? ஆளுக்கு ஒரு பெஞ்சு கேப்போம். கொடுப்பாங்களா மாட்டாங்களா பாருங்க."

பாய் ஊரைத் தெரிந்தவர். நம் ஜனங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும், கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் கொடுத்தால் வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் அடைத்து உபயம் இன்னார் என்று எழுதி, கர்ப்பக்கிரகத்தை இருட்டாக்கிவிட்டு வருகிறவர்கள். பெயர் எழுத இடம் உண்டு என்றால் போதும், மலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். பூங்கா நலக் குழு என்று ஒன்று உண்டாயிற்று, ஜமால் பாய் தலைவரானார், முதல் பெஞ்சை ரைஸ்மில் தங்கப்பழம் குடும்பத்தார் கொடுத்தார்கள். சிமெண்டு பெஞ்சு, மூன்று பேர் உட்காரலாம். சாய்மானத்தின் நடுவில் 'அமரர் ரைஸ்மில் தங்கப்பழம் நினைவாக' என்று ஆர்ட்டிஸ்ட் கந்தையா கறுப்புப் பெயிண்டில் எழுதினார்.

மறுநாள் நாலு மணிக்குப் பேச்சித்தாய் கேட்டைத் திறந்தாள், தங்கப்பழம் உள்ளே வந்தார். அவர் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. குளிப்பாட்டி உடுத்தி அனுப்பிய அதே பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, திருநீற்றின் நடுவே ஒட்டிய ஒரு ரூபாய்க் காசு. அக்கம்பக்கம் பார்க்காமல் நேரே போய், தன் பெயருக்கு முன்னால், பெஞ்சின் நட்டநடுவில், முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்தார். பேச்சித்தாய் அவர் காலைச் சுற்றிப் பெருக்கி முடித்துவிட்டு, ரைஸ்மில்லுக்கு ஆள் சொல்லியனுப்பினாள். மகன் கணக்கப்பிள்ளையோடு ஓடி வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்னப்பா நீங்க, வெயில் தாழ வந்திருக்கக்கூடாதா?" என்றான். பிறகு வீட்டுக்குப் போய்க் குடை எடுத்துவந்து, ஏழரை மணிக்கு அவர் எழுந்து போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாளிலிருந்து குடையைப் பெஞ்சிலேயே கட்டிப் போட்டான்.

ஏன் வந்தார், எப்படி வந்தார் என்று ஊரில் யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. கந்தையாவின் பெயிண்ட்தான் காரணம் என்றார்கள் சிலர். பெயரை எழுதிக் கூப்பிட்டால் வராமல் என்ன செய்வார்கள் என்றார்கள் சிலர். அதைவிடப் பெரிய கவலை எல்லோருக்கும் இருந்தது. தங்கப்பழம் வந்துவிட்டார், நம் வீட்டு ஆள் இன்னும் வரவில்லையே என்கிற கவலை. அடுத்த மூன்று மாதத்தில் முப்பது பெஞ்சு வந்தது. அதோடு நின்றதா? அம்மாவுக்கு வெயில் ஆகாது என்று ஒரு குடும்பம் நிழற்கூரை போட்டது, அப்பா தூசி பட்டால் தும்முவார் என்று ஒரு குடும்பம் நடைபாதைக்குக் கல் பதித்தது, செடி காய்ந்தால் ஆச்சி மனசு நோவாள் என்று ஒரு குடும்பம் ஆழ்குழாய்க் கிணறு போட்டது. கழிப்பறை வந்தது, விளக்கு வந்தது, ரோஜாப் பாத்தி வந்தது, பேச்சித்தாய் கையில் குடம் போய் ரப்பர் குழாய் வந்தது. நகராட்சி கமிஷனர் வந்து பார்த்து, நகராட்சியின் சீரிய முயற்சி என்று பேப்பருக்குப் பேட்டி கொடுத்துவிட்டுப் போனார்.

'அமரர்' என்று எழுதிய பெஞ்சில் திருநீறும் குங்குமமுமாக வந்து உட்கார்ந்தார்கள். 'மர்ஹூம்' என்று எழுதியதில் வெள்ளைத் துணியும் அத்தர் வாசனையுமாக வந்து உட்கார்ந்தார்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்த' என்று எழுதியதில் கோட்டும் கையில் பைபிளுமாக வந்து உட்கார்ந்தார்கள். நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தால் வரிசையாக வருவார்கள், ஏழரைக்கு வரிசையாகப் போவார்கள். பேச மாட்டார்கள், கேட்க மாட்டார்கள், யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள், கொடுத்ததைத் தின்ன மாட்டார்கள், நகரச் சொன்னால் நகர மாட்டார்கள். வீட்டு ஆட்கள் எதிரே நின்று அன்றாட சமாசாரத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "வாரேன்" என்று கிளம்புவார்கள். மாமியார் எட்டாவது பெஞ்சில் இருக்கிறாள் என்பதற்காகச் சுடிதார் போட்டு நடக்கிறதை நிறுத்திய மருமகள்கள் உண்டு. அந்த மாமியாருக்குக் கேட்கட்டும் என்றே எட்டாவது பெஞ்சு வந்ததும் சத்தமாகச் சிரிக்கிற மருமகள்களும் உண்டு. சொத்து வழக்கில் கிடந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே தகப்பனுக்குத் தனித்தனியாக இரண்டு பெஞ்சு போட்டார்கள். பாவம் அந்த மனுஷன், திங்கள் செவ்வாய் புதன் மூத்தவன் பெஞ்சிலும், வியாழன் வெள்ளி சனி இளையவன் பெஞ்சிலும் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

தையல்காரர் ஞானதுரையும் அவர் சம்சாரமும் மட்டும் பெஞ்சு கொடுக்கவில்லை. டெங்குவில் போன ஆறு வயசு மகள் பெயரில் ஊஞ்சலைப் புதுசாகப் போட்டுக்கொடுத்தார்கள். நாலு மணிக்கு அந்த ஊஞ்சல் தானே ஆடத் தொடங்கும். ஞானதுரை பின்னால் நின்று மெதுவாகத் தள்ளுவார், தாய் முன்னால் நின்று கையை நீட்டியபடி இருப்பாள். மற்றப் பிள்ளைகள் சறுக்குமரத்தில் போய் ஏறிக்கொள்வார்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊஞ்சலுக்கு முறை கேட்பதை விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் பெருக்கப் போகிறபோது பேச்சித்தாய் விளக்குமாற்றைத் தரையில் உரசாமல் பெருக்குவாள்.

இதற்கிடையில் மூன்றாவது வார்டு கவுன்சிலர் வெள்ளைச்சாமி ஒரு காரியம் செய்தார். அவரும் ஒரு பெஞ்சு கொடுத்தார். கொடுத்தவர் செத்த ஆள் பெயரை எழுதவேண்டுமா இல்லையா? பழக்க தோஷம், 'உபயம்: மக்கள் தொண்டர் வெள்ளைச்சாமி' என்று தன் பெயரையே முழங்கை நீளத்துக்கு எழுதச் சொல்லிவிட்டார். நாலு மணிக்கு அந்தப் பெஞ்சுக்கு யாரும் வரவில்லை. உயிரோடு இருக்கிறவன் பெயருக்கு யார் வருவார்? ஆனால் ஜனங்கள் விடுவார்களா, தினம் நாலு மணிக்கு அந்தப் பெஞ்சைப் போய் எட்டிப் பார்ப்பதும், "இன்னும் காலியாத்தான் கெடக்கு" என்று கவுன்சிலருக்கு ஃபோன் போட்டுச் சொல்வதும் ஊருக்கு ஒரு வேலையாகப் போயிற்று. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. எட்டாம் நாள் அவரே டர்பன்டைன் பாட்டிலோடு வந்து தன் பெயரைத் தன் கையால் அழித்துவிட்டு, செத்துப்போன சித்தப்பா பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் சித்தப்பா வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் ஊரின் கண் பேச்சித்தாய் பக்கம் திரும்பியது. அட, ஆள் செத்திருந்தால் வருவார், உயிரோடு இருந்தால் வரமாட்டார் என்றால், இவளுக்கு ஏன் ஒரு பெஞ்சு போடக்கூடாது? பதினைந்து வருஷச் சிக்கலை ஒரு சாயங்காலத்தில் அவிழ்த்துவிடலாமே?

நல்லெண்ணம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். குழுவில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, பூங்காவைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்குக் குழுவின் அன்பளிப்பாக ஒரு பெஞ்சு என்று எழுதிக்கொண்டு ஜமால் பாயே நேரில் வந்தார். பேச்சித்தாய் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வேண்டாம் பாய்," என்றாள்.

"உனக்குத் தெரிய வேண்டாமா தாயி?"

"தெரிஞ்சு என்ன செய்ய? அவரு வந்து உக்காந்தா நான் தாலியறுத்தவ. வரலேன்னா, உசுரோட இருந்துக்கிட்டே என்னைய வேண்டாம்னு இருக்காருன்னு அர்த்தம். ரெண்டுல எதை நீங்க எனக்கு அன்பளிப்பா கொடுக்கப்போறீக?"

பாய் தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நியாயமாக அத்தோடு விட்டிருப்பார். விடாதவள் உலகம்மாள். மாசானத்தின் கூடப்பிறந்த தங்கச்சி, பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கிறவள், ஊர் வாய்க்கு அஞ்சாதவள். அவள் பூக்கூடையோடு நேரே பூங்காவுக்கு வந்தாள்.

"மதினி, ஒனக்கு அவன் புருசன். எனக்கு ஒரே அண்ணன். ஆடி அமாவாசைக்கு ஊரே ஆத்துல நின்னு எள்ளும் தண்ணியும் விடுது. நான் எங்க அம்மைக்கு விடுதேன், எங்க அய்யாவுக்கு விடுதேன், அடுத்து அவனுக்கு விடணுமா வேண்டாமான்னு தெரியாம எள்ளைக் கையில வச்சுக்கிட்டுப் பதினஞ்சு வருசமா நிக்கேன். செத்தவனுக்கு விடாட்டா பாவம், இருக்கிறவனுக்கு விட்டா அதைவிடப் பாவம். நீ ஒன் மனசை மட்டும் பாக்காத."

பேச்சித்தாய் அன்றைக்கு முழுவதும் தண்ணீர் பாய்ச்சினாள். பாய்ச்சின பாத்திக்கே மறுபடியும் பாய்ச்சினாள். மறுநாள் காலையில் இரும்புக்கடைக்குப் போய், "போடுங்க பாய்," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவள் வளர்த்த புங்க மரங்களிலேயே நிழல் அதிகமானதற்குக் கீழே பெஞ்சைப் பதித்தார்கள். கந்தையா தூரிகையை நனைத்துவிட்டு, 'அமரர்' போடவா வேண்டாமா என்று கேட்டார். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சித்தாய் வெறும் பெயரை மட்டும் எழுதச் சொன்னாள். மாசானம் என்று நாலே எழுத்து, எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கே ஊர் கூடிவிட்டது. சுண்டல்காரர் வந்துவிட்டார். உலகம்மாள் ஒரு கூடை நிறையப் பூ வைத்திருந்தாள், வந்தால் மாலையாகப் போட, வராவிட்டால் பிள்ளையாருக்குச் சாத்த. நாலு மணிக்குப் பேச்சித்தாய் கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றாள். தங்கப்பழம் வந்தார். எட்டாவது பெஞ்சு மாமியார் வந்தாள். கோட்டுப் போட்டவர்கள் வந்தார்கள், வெள்ளைத் துணிக்காரர்கள் வந்தார்கள், கவுன்சிலரின் சித்தப்பா வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள் பேச்சித்தாய். வரிசை முடிந்தது. ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது. புங்க மரத்தடியில் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

ஐந்து மணிவரை ஜனங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மணிக்குக் குசுகுசு என்று பேச்சு எழுந்தது. ஏழரைக்குச் செத்தவர்கள் எழுந்து போனதும் உலகம்மாள் பூக்கூடையை அப்படியே தலைக்கு மேலே தூக்கிக் கொட்டினாள். "எங்க அண்ணன் இருக்கான், எங்க அண்ணன் இருக்கான்" என்று கண்ணீரும் சிரிப்புமாகக் கண்டவர் வாயிலெல்லாம் சீனியைப் போட்டாள். பேச்சித்தாய் வாயிலும் போட்டாள். எல்லோரும் பேச்சித்தாயைச் சூழ்ந்துகொண்டு, மாங்கல்ய பாக்கியம் கெட்டி என்றார்கள், மகராசி என்றார்கள். சீனி வாய்க்குள் கரைகிறவரை அவள் அசையாமல் நின்றாள்.

மறுநாள் வேலைக்கு வந்தபோது அவள் கழுத்தில் தாலி இல்லை.

உலகம்மாள் பதறிப்போய்க் கேட்டாள், அறிவிருக்கா மதினி, அவன்தான் இருக்கானே என்று. "இருக்காருல்ல, அதான் கழட்டிட்டேன்," என்றாள் பேச்சித்தாய். "செத்திருந்தா ஆயுசுக்கும் போட்டுக்கிட்டு அழுதிருப்பேன்." சொல்லிவிட்டு, நேற்று ஊர் தின்று போட்ட சுண்டல் பொட்டலக் காகிதங்களைக் கூட்டி அள்ளினாள்.

அதற்கப்புறம் அந்தப் பெஞ்சை என்ன செய்வது என்பது ஊருக்கு ஒரு பிரச்சினையாயிற்று. உயிரோடு இருக்கிறவன் பெஞ்சு. எந்த நிமிஷமும் சாகலாம், எந்த நிமிஷமும் வந்து நிற்கலாம். உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? இத்தனைக்கும் அப்போது பூங்காவில் நாற்பத்தியாறு பெஞ்சு ஆகியிருந்தது. மாவட்டத்திலேயே இப்படி ஒரு பூங்கா கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு நின்றுகொண்டே கட்டுச்சோற்றைத் தின்றார்கள். கொடுக்கக் கொடுக்கப் பூங்கா அழகானது, அழகாக அழகாக உயிரோடு இருக்கிறவன் கால் கடுத்தான். மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் செத்தவர் காலை அகட்டி நடுவில் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கமும் இடம் போதாது, அந்தப் பக்கமும் போதாது. நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அவர்கள் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கார்த்திகை மாதத்தில் நிறைமாசக்காரி ஒருத்தி நடக்க வந்தாள். ஆரிபா என்று பெயர், ஜமால் பாயின் மருமகள்தான். கால் இரண்டும் வீங்கிப் பளபள என்றிருந்தது. மூன்று சுற்று நடந்தவள் நாலாவது சுற்றில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பேச்சித்தாய் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் போய் மாசானத்தின் பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"உக்காரு தாயி."

"அண்ணன் வந்துட்டாங்கன்னா?"

"இவ்வளவு நாளா வராதவரு இப்பவா வரப்போறாரு? உக்காரு."

ஆரிபா உட்கார்ந்தாள். அப்பாடா என்று அவள் விட்ட மூச்சு நடைபாதையைச் சுற்றிக் கேட்டது. மறுநாள் அவளோடு முழங்கால் வலிக்காரர் ஒருத்தர் உட்கார்ந்தார், அதற்கு மறுநாள் ஒரு கைப்பிள்ளைக்காரி. ஒரு மாசத்துக்குள் அந்தப் பெஞ்சில் இடம் பிடிக்க மூன்றரை மணிக்கே கேட்டில் துண்டு போட்டார்கள். பெண் பார்த்தது அங்கே, சீட்டுப் பிடித்தது அங்கே, தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்தது அங்கே. "எங்க இருக்கீக?" என்று ஃபோனில் கேட்டால், "மாசானம் பெஞ்சுல" என்பார்கள். ஊரில் இருந்த காலத்தில் மாசானத்தை நாலு பேருக்குத் தெரியாது, இப்போது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது.

இன்னொரு கூத்தும் நடந்தது. அவன் செத்தால் உட்கார இடம் போய்விடும் அல்லவா? அதனால் முழங்கால் வலிக்காரர் பிள்ளையார் கோயிலில் மாசானம் பெயருக்குச் செவ்வாய்தோறும் அர்ச்சனை செய்தார். என்ன நட்சத்திரம் என்று பேச்சித்தாயிடம்தான் வந்து கேட்டார், விசாகம் என்று அவளும் சொல்லித் தொலைத்தாள். தர்காவில் அவனுக்காகத் துஆ கேட்டார்கள். சர்ச்சில் ஜெபக் குறிப்புப் பெட்டியில் அவன் பெயர் விழுந்தது. எந்த ஊரில் எந்த அடுப்பு முன்னால் முறுக்குப் பிழிந்துகொண்டு இருந்தானோ, அவனுக்குத் தெரியுமா, பெண்டாட்டியை அம்போ என்று விட்டுப்போன ஒருத்தனுக்காக ஒரு ஊரே நோன்பு இருக்கிறது என்று? "ஒன் புருசன் புண்ணியவான்டி, நல்லா இருக்கணும்" என்று உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருத்தராக அவளைப் பார்த்து வாழ்த்துவார்கள். சில நாள் அவளுக்குச் சிரிப்பு வரும், சில நாள் குழாயை அவர்கள் மேலேயே திருப்பலாமா என்று வரும்.

யாரிடமும் அவள் சொல்லாத ஒன்று உண்டு. தினம் நாலு மணிக்குக் கேட்டைத் திறந்து ஓரமாக நிற்பாள். வரிசையைப் பார்ப்பாள், கடைசி முகம் வரைக்கும் பார்ப்பாள், அவன் இருக்க மாட்டான். முன்னாலெல்லாம் அவன் அவளை ஒரே ஒரு தடவைதான் விட்டுப்போயிருந்தான். இப்போது தினம் நாலு மணிக்கு விட்டுப்போனான். அன்பளிப்பாகக் கிடைத்தது இதுதான். வந்துவிடக்கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், வரவில்லை என்றதும் அதே நெஞ்சு எரியும். அப்படி இரண்டு வருஷம் போயிற்று.

மாசி மாதத்தில் ஒருநாள் வரிசையில் அவன் வந்தான்.

கடைசி ஆளாக வந்தான். முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தொப்பை விழுந்து, முடி நரைத்து, கன்னம் சதை போட்டு யாரோ ஒரு பெரிய மனுஷனாகத் தெரிந்தான். பிறகு இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற நடையைப் பார்த்தாள். அவளைத் தாண்டி, அவளைப் பார்க்காமல், புங்க மரத்தடிக்குப் போனான். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எழுந்தார்கள், ஆரிபாதான் முதலில் எழுந்தாள். முழங்கால் வலிக்காரர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார், ஒரு கைப்பிள்ளைக்காரி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மாசானம் தன் பெயருக்கு முன்னால், நட்டநடுவில், முழங்கால்மேல் கையை வைத்து உட்கார்ந்தான்.

யாரோ பேருந்து நிலையத்துக்கு ஓடினார்கள், உலகம்மாள் தலைவிரி கோலமாக வந்து அவன் காலடியில் விழுந்து புரண்டு அழுதாள். அவளுக்காவது இனி எள்ளும் தண்ணியும் விடலாம். பேச்சித்தாய் அழவில்லை. குழாயை ஆரிபா கையில் கொடுத்துவிட்டு வந்து அவன் எதிரே நின்று, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

பதினேழு வருஷமாக அவள் கண்ட கனவெல்லாம் ஒரே கனவு; தெரியாத ஊரில், தண்டவாளத்து ஓரத்தில், ஈ மொய்க்க அவன் கிடப்பான், யாரும் எடுக்க மாட்டார்கள். இப்போது பார்த்தாள். அவனை யாரோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். நகத்தைக்கூட வெட்டியிருந்தார்கள். புதுவேட்டி உடுத்தி, சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள். வகிடு வலது பக்கம் எடுத்திருந்தது, அவனுக்குப் பிடித்த மாதிரி. தெரியாத ஆள் வாரியிருந்தால் இடது பக்கம் எடுத்திருப்பார்கள். சட்டையில் மூன்றாவது பொத்தான் அறுந்து, வேறு நிற நூலில் தைத்திருந்தது. சின்னச் சின்னத் தையல், நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பொறுமையான தையல். பேச்சித்தாய்க்கு அப்படித் தைக்க வராது. அவள் இரண்டு குத்துக் குத்திப் பல்லால் கடித்துவிடுவாள்.

அந்தப் பொத்தானையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அநாதையாகச் சாகவில்லை என்று நெஞ்சு குளிர்ந்தது, குளிர்ந்ததற்காகத் தன் மேலேயே கோபமாக வந்தது. ஊர் அவளைப் பார்த்தது. நெற்றியை அழிப்பாளா, மண்ணை வாரித் தூற்றுவாளா என்று பார்த்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலிக்காரர் நின்றார், பிள்ளைக்காரி தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பேச்சித்தாய் குனிந்து புருஷனிடம் பேசினாள். சத்தம் உயரவில்லை, சாப்பாட்டுப் பந்தியில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"தள்ளி உக்காரும். பெரியவரு நிக்காருல்ல."

மாசானம் நகர்ந்தான்.

சொந்த மகன் காலைப் பிடித்து வேண்டியும் தங்கப்பழம் ஒரு விரல்கடை நகர்ந்தவர் இல்லை. அந்தப் பூங்காவில் செத்தவர் ஒருத்தர் உயிரோடு இருக்கிறவருக்கு இடம் விட்டது அன்றைக்குத்தான். சிமெண்டில் வேட்டி உரசும் சத்தம் கேட்க, பெஞ்சின் ஓரத்துக்கு ஒட்டினாற்போல் போய், கையை முழங்கால்மேல் திரும்ப வைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கு இடம் வந்தது. முழங்கால் வலிக்காரர் தயங்கித் தயங்கி அந்தக் கோடியில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு ஆள் இடம் மிச்சம் இருந்தது.

"நீ உக்காரு மதினி," என்று உலகம்மாள் தரையிலிருந்து சொன்னாள். கூட்டமும் வழிவிட்டது.

பேச்சித்தாய் அந்த இடத்தைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் ஒரு இடம், அதற்காகத்தானே பதினேழு வருஷம். பிறகு பிள்ளைக்காரியின் தோளைத் தொட்டு, "போ, போய் உக்காரு. பிள்ள கனக்கும்," என்றாள். அவள் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டாள்.

பேச்சித்தாய் ஆரிபாவிடமிருந்து குழாயை வாங்கினாள். ரோஜாப் பாத்தியில் தண்ணீரை விட்டுவிட்டு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை தோளைப் போட்டுக் குலுக்கியது, தண்ணீர் பாத்தி நிறைந்து நடைபாதையில் ஓடியது. உலகம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "அழு மதினி, அழுது தீத்திரு, நம்ம தலையெழுத்து" என்றாள்.

"எனக்காக இல்ல உலகு," என்றாள் பேச்சித்தாய். மூக்கைச் சிந்திவிட்டுப் புங்க மரத்துப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பொத்தானைத் தச்சவ எந்த ஊர்க்காரியோ. நேத்தோ இன்னைக்கோதான அவர எடுத்திருப்பாவ. அந்த வீட்டுல அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துல யாராவது அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சி கொண்டு போய்க் குடுத்திருப்பாவளா?"

உலகம்மாளுக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற யாருக்குமே தெரியவில்லை.